செங்கொடியும் சிலுவையும் நவீன ஓவியமும்

1949ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், உரோமையின் புனித அலுவலகம் ஓர் ஆணையை வெளியிட்டது. பொதுவுடைமைக் கட்சியில் சேர்வதும், அதற்கு ஆதரவு அளிப்பதும், அதன் கொள்கையைப் பரப்பும் ஏடுகளை வெளியிடுவதும் படிப்பதும் கத்தோலிக்கருக்குத் தகாது. கடவுளை மறுக்கும் பொருள்முதல்வாதக் கொள்கையை ஏற்று அறிக்கையிடுவோர் திருச்சபையின் உறவிலிருந்தே விலக்கப்படுவர் என்பது அந்த ஆணையின் சாரம். பதின்மூன்று மாதங்கள் கழிந்தன. 1950 ஆகஸ்டு 4ஆம் நாள், பிரான்சு நாட்டின் ஆல்ப்ஸ் மலைச்சரிவில் புதிய ஆலயம் ஒன்று இறைவனுக்கு நேர்ந்தளிக்கப்பட்டது. அதன் முகப்புச் சுவரை அன்னை மரியாவின் மன்றாட்டுமாலையைச் சித்திரிக்கும் மாபெரும் கற்பதிகை ஓவியம் நிறைத்து நின்றது. அதை வடிவமைத்தவர் பெர்னான் லெஜே. அவர் பிரெஞ்சுப் பொதுவுடைமைக் கட்சியின் உறுப்பினர்.

இம்முரண்பாட்டை எவ்வாறு விளங்கிக்கொள்வது? திருச்சபையின் ஒரு கை எழுதியதை மறு கை அழித்ததா? அல்லது, ஆணை தீர்க்க இயலாத ஒன்று கலையில் இருக்கிறதா? இவ்வினாவைப் பின்தொடர்ந்தால், நவீன ஓவியத்திற்கும் பொதுவுடைமை அரசியலுக்கும் இடையே இருந்த நட்பும் பகையும் புலப்படும். நாம் நம் ஆலயங்களில் எத்தகைய உருவங்களை நாடுகிறோம், எவற்றைக் கண்டு அஞ்சுகிறோம் என்பதும் அதனோடு சேர்ந்தே புலப்படும்.

புனித மூலையில் ஒரு கறுப்புச் சதுரம்

நவீன ஓவியம் என்று நாம் இங்குக் குறிப்பது, கண்ணால் கண்ட பொருளை அப்படியே படியெடுக்கும் கடமையிலிருந்து விலகி, வடிவம், நிறம், கோடு ஆகியவற்றின் வழியே அப்பொருளின் உள்ளியல்பைத் தேடப் புறப்பட்ட ஓவியத்தை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மிகத் துணிந்து வளர்ந்த நாடுகளுள் ஒன்று உருசியா. 1915இல் பெத்ரோகிராடு நகரில் நடைபெற்ற கண்காட்சியில் கசிமிர் மலேவிச் என்பார் வெண்பரப்பின்மேல் தீட்டிய கறுப்புச் சதுரம் ஒன்றை வைத்தார். அதை அவர் மாட்டிய இடம் நம் கவனத்திற்குரியது. இரு சுவர்கள் கூடும் மேல் மூலையில், கூரையை ஒட்டி அதை மாட்டினார். உருசியக் கிறிஸ்தவ இல்லங்களில் திருவுருவ ஓவியத்தை வைத்து வணங்கும் மூலை அது. புதிய உலகுக்குப் புதிய திருவுருவம் வேண்டும் என்ற தாகம் அச்செயலில் வெளிப்பட்டது. அதைத் தெய்வ நிந்தனை என்று மட்டும் கூறி ஒதுக்குவது எளிது. ஆயினும், வெறுமையான மூலையைக் கண்டு வருந்தும் ஓர் உள்ளமே அங்கு எதையேனும் வைக்க முற்படும் என்பதை நாம் மறத்தலாகாது.

1917இல் புரட்சி வந்தபோது இத்தகைய கலைஞர் பலர் அதை இருகரம் நீட்டி வரவேற்றனர். பழைய ஓவியக் கழகங்களின் ஆட்சி ஒழிந்தது. இனித் தங்கள் கலையே மக்களின் கலை என்று நம்பினர். விளாதிமிர் தத்லின் மூன்றாம் அகிலத்திற்கு 400 மீட்டர் உயரச் சுழல் கோபுரம் ஒன்றை வடிவமைத்தார். அது மாதிரியாகவே நின்றுவிட்டது, கட்டப்படவில்லை. யூதரான மார்க் ஷகால் தம் சொந்த ஊராகிய வித்தெப்ஸ்கில் கலைத்துறை ஆணையராக 1918இல் அமர்த்தப்பட்டார். புரட்சியின் முதலாண்டு விழாவுக்கு அந்நகரின் தெருக்களை அவரும் அவர்தம் தோழரும் வண்ணப் பதாகைகளால் அலங்கரித்தனர். பசு ஏன் பச்சையாக இருக்கிறது, குதிரை ஏன் வானில் பறக்கிறது, இவற்றுக்கும் மார்க்சுக்கும் என்ன தொடர்பு என்று கட்சிப் பொறுப்பாளர்கள் வினவியதாக ஷகால் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியுள்ளார். கேட்பதற்கு நகைப்பூட்டும் இவ்வினாவே பின்னாளில் கொடிய ஆணையாக வளர்ந்தது.

1932 ஏப்ரலில் கட்சியின் மத்தியக் குழு, எழுத்தாளரும் கலைஞரும் தாமே அமைத்துக்கொண்ட குழுக்களையெல்லாம் கலைத்தது. 1934 ஆகஸ்டில் மாஸ்கோவில் கூடிய சோவியத்து எழுத்தாளர் மாநாடு, சோசலிச எதார்த்தவாதமே கலையின் நெறி என அறிவித்தது. எதார்த்தம் என்ற சொல்லைக் கண்டு நாம் ஏமாறக் கூடாது. உள்ளதை உள்ளவாறு காட்டுவது அதன் நோக்கமன்று. கட்சி வாக்களித்த நாளையை இன்றே வந்துவிட்டதுபோல் காட்டுவதே நோக்கம். 1932, 1933ஆம் ஆண்டுகளில் உக்ரைன் நாட்டுச் சிற்றூர்களில் மக்கள் இலட்சக்கணக்கில் பசியால் மாண்டனர். அதே பத்தாண்டுகளின் ஓவியங்களில் கூட்டுப்பண்ணைப் பெண்கள் நிறைந்த மேசைகளின் முன் சிரித்துக்கொண்டிருந்தனர். மலேவிச் 1930இல் கைது செய்யப்பட்டு விசாரிக்கப்பட்டார். 1935இல் லெனின்கிராடில் அவர் நோயுற்று இறந்தபோது, அவரது படுக்கையின் தலைமாட்டில் அந்தக் கறுப்புச் சதுரமே இருந்தது. வாழ்நாளின் இறுதியிலும் அவர் தம் திருவுருவத்தைக் கைவிடவில்லை. கட்சிதான் அவரைக் கைவிட்டது.

எல்லாருக்கும் பகையான ஓவியம்

இக்காலத்தின் வேறொரு விந்தையையும் சிந்திக்க வேண்டும். மாஸ்கோவில் நவீன ஓவியம் முதலாளிய உலகின் அழுகல் என்று பழிக்கப்பட்டது. 1937இல் மியூனிக் நகரில் நாத்சிகள் 'சீரழிந்த கலை' என்ற பெயரில் ஏறக்குறைய 650 படைப்புகளை இழிவுபடுத்திக் காட்சிக்கு வைத்தனர். அவர்கள் அதற்குச் சூட்டிய வசைப்பெயர்களுள் ஒன்று 'பண்பாட்டுப் போல்ஷவிசம்'. 1949இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் மிச்சிகன் மாநிலத்து உறுப்பினர் ஜார்ஜ் டோண்டெரோ, நவீன ஓவியம் பொதுவுடைமையரின் சதிக்கருவி என்று முழங்கினார். மாஸ்கோ அதை முதலாளியம் என்றது. வாசிங்டனில் ஒலித்த குரல் அதையே பொதுவுடைமை என்றது.

பின்னர் அமெரிக்க ஆட்சியினருள் சிலர் மாற்றி யோசித்தனர். 1950இல் மேற்கு பெர்லினில் தோன்றிய பண்பாட்டு விடுதலைக்கான பேரவை நவீன கலையைச் சுதந்திர உலகின் அடையாளமாக உயர்த்திப் பிடித்தது. அதற்கு அமெரிக்க உளவுத்துறை மறைவாகப் பணம் வழங்கியது 1966, 1967ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது. ஆக, ஓவியத்தைக் கண்டு அஞ்சியவர்களும் அதைக் கொடியாக்கிக்கொண்டவர்களும் ஒரே தவற்றைச் செய்தனர். படத்தைப் பார்க்காமல், அது எந்த அணியைச் சேர்ந்தது என்று மட்டுமே கேட்டனர். அணி கேட்பவருக்கு ஓவியம் ஒருபோதும் தன்னைத் திறந்து காட்டுவதில்லை.

கட்சியின் இல்லத்தில் பிக்காசோ

மேற்கு ஐரோப்பாவில் நிலைமை சற்று வேறு. அங்குக் கட்சியில் சேரும்படி கலைஞரை எவரும் வற்புறுத்தவில்லை. அவர்கள் தாமாகவே சேர்ந்தனர். 1937 ஏப்ரல் 26ஆம் நாள் ஸ்பெயினின் பாஸ்கு நாட்டுச் சிறுநகரான கெர்னிக்கா குண்டுவீச்சில் எரிந்தது. அதை எரித்தவை பிராங்கோவின் படைகளுக்குத் துணைவந்த செர்மானிய, இத்தாலிய விமானங்கள். பாப்லோ பிக்காசோ அவ்வாண்டுப் பாரிசு உலகக் கண்காட்சியின் ஸ்பானியக் குடியரசு அரங்கிற்காக அக்கொடுமையை மாபெரும் ஓவியமாகத் தீட்டினார். வெள்ளை, கறுப்பு, சாம்பல் நிறங்கள் மட்டுமே கொண்டது அது. இறந்த குழந்தையைத் தாங்கி அலறும் தாய் ஒருத்தி அதில் இருக்கிறாள். வியாகுல அன்னையின் சுரூபத்தின்முன் முழந்தாளிட்டு வளர்ந்த எவருக்கும் அத்தாய் அந்நியள் அல்லள். ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் குருக்களும் துறவியரும் ஆயிரக்கணக்கில் குடியரசுத் தரப்பினர் சிலரால் கொல்லப்பட்டனர் என்பது உண்மை. அவ்வுண்மை கெர்னிக்காவின் தாயை நாம் காணாதிருக்கக் காரணமாகாது.

பிக்காசோ 1944 அக்டோபரில் கட்சியில் சேர்ந்தார். 1949இல் பாரிசில் கூடிய அமைதி மாநாட்டுச் சுவரொட்டிக்கு அவர் தந்த புறா உலகெங்கும் பறந்தது. நோவாவின் பேழைக்குத் திரும்பிய பறவை கட்சியின் சின்னமாயிற்று! கட்சி அதைக் கொண்டாடியது. ஆனால் 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தபோது, கவிஞர் அரகோன் நடத்திய கட்சிச் சார்பு இலக்கிய வார ஏட்டில் பிக்காசோ வரைந்த ஸ்டாலின் படம் வெளிவந்தது. அது இளமைக்கால ஸ்டாலினின் எளிய கோட்டோவியம். அதில் கேலி எதுவும் இல்லை, துதியும் இல்லை. கட்சியின் செயலகம் அதை வெளிப்படையாகக் கண்டித்தது. உலகப்புகழ் பெற்ற தோழரின் கையும் கட்டளைக்கு அப்பால் ஒரு கோடு இழுத்தால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. கட்சி விரும்பிய ஓவியர் ஆந்திரே பூழெரோன் போன்றோரே. அவர்தம் படங்களில் வறுமையும் உழைப்பும் எவரும் தவறாகப் புரிந்துகொள்ள முடியாதவாறு எழுதிக்காட்டப்பட்டிருந்தன.

லெஜேயின் நிலையும் இதுவே. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் எளிய படைவீரரோடு வாழ்ந்தவர் அவர். பீரங்கியின் பளபளப்பையும் எந்திரத்தின் வடிவத்தையும் ஓவியத்தில் கொணர்ந்தவர். 1950இல் அவர் முடித்த 'கட்டுமானப் பணியாளர்' என்ற ஓவியத்தில் இரும்பு விட்டங்களின்மீது தொழிலாளர் உயரத்தில் நிற்கின்றனர். இவ்வரிசைப் படங்கள் ரெனோ வாகனத் தொழிற்சாலையின் உணவுக்கூடத்தில் மாட்டப்பட்டபோது, இத்தகைய கைகளை வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்வது என்று தொழிலாளர் சிரித்தனராம். நாள்கள் செல்லச் செல்ல அவர்கள் அவற்றைப் பார்க்கத் தொடங்கினர் என்று லெஜே மகிழ்ந்து கூறினார். மக்களுக்கு நவீன ஓவியம் புரியாது என்ற கட்சியின் வாதத்திற்கு அவர் அளித்த மறுமொழி அது. மக்களுக்கு ஓய்வும் நேரமும் கொடுங்கள், அவர்கள் கண்கள் தாமே கற்கும் என்பது அவர் கொள்கை.

மலைமேல் ஓர் ஆலயம்

இனி அஸ்ஸிக்கு வருவோம். இது புனித பிரான்சிஸ் பிறந்த அசிசி அன்று. பிரான்சு நாட்டின் மேல் சவோய் மாவட்டத்தில், வெண்பனி மூடிய மோன் பிளான் மலைக்கு எதிரே உள்ள மேட்டுநிலம். காசநோய்க்கு மருந்து அரிதாயிருந்த காலத்தில், தூய காற்றை நாடி நோயாளிகள் தங்கிய மருத்துவ இல்லங்கள் அங்குப் பல இருந்தன. அந்நோயாளிகளுக்காகவே அருட்தந்தை ழான் தெவேமி அங்கு ஆலயம் எழுப்பினார். கட்டடக் கலைஞர் மொரீஸ் நொவாரினா. ஆலயத்தின் பெயர் 'எல்லா அருளும் நிறைந்த அன்னை'. அதன் கலைப்பணிக்கு வழிகாட்டியவர் புனித தோமினிக் சபைத் துறவியும், திருக்கலை பற்றிய இதழொன்றின் ஆசிரியர்களுள் ஒருவருமான அருட்தந்தை மாரி அலேன் கூத்துரியே.

ஆற்றலற்ற நம்பிக்கையாளரைவிட நம்பிக்கையற்ற மேதைகளை நாடுவதே நலம் என்பது கூத்துரியே அடிகளின் துணிபு. அதன்படி அவர் அக்காலத்துச் சிறந்த கலைஞர்களை அழைத்தார். ஆழ்ந்த கத்தோலிக்கரான ஜார்ஜ் ரூவோவின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் அங்கு உள்ளன. மத்தீஸ் வரைந்த புனித தோமினிக், பொனார் தீட்டிய புனித பிரான்சிஸ் சலேசியார், பிராக் செய்த நற்கருணைப் பேழையின் கதவு ஆகியனவும் உள்ளன. பீடத்தின் பின்சுவரில் திருவெளிப்பாட்டு நூலின் பெண்ணும் அரக்கப் பாம்பும் பின்னப்பட்ட பெருந்திரை தொங்குகிறது. அதைச் செய்த ழான் லுர்சாவும் பொதுவுடைமையரே. பின்னாளில் திருமுழுக்குத் தொட்டியருகே செங்கடலைக் கடக்கும் காட்சியை அமைத்தவர் ஷகால். முன்பு செங்கொடி பறந்த வித்தெப்ஸ்கில் பச்சைப் பசுவுக்காகக் கணக்குக் கேட்கப்பட்ட அதே ஷகால்தான்! யூதச் சிற்பி லிப்ஷிட்ஸ் அன்னையின் சுரூபம் ஒன்றைத் தந்தார். தம் முன்னோரின் சமயத்திலேயே நிலைத்திருப்பதை அதன்மேல் பொறித்துவிட்டே தந்தார்.

லெஜேயின் கற்பதிகை ஓவியத்தை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? நடுவே அன்னையின் முகம். சுற்றிலும் மன்றாட்டுமாலையின் அடைமொழிகள் தனித்தனி வடிவங்களாக நிற்கின்றன. சிவப்பும் நீலமும் மஞ்சளும் உரத்துப் பேசுகின்றன. மலைப்பனியின் வெண்மைக்கு எதிரே அந்நிறங்கள் நோயாளிக்குத் தெம்பூட்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அன்னையின் முகம் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. நாமும் அதனிடம் எதையும் சொல்ல முடிவதில்லை. பிறர் வீட்டுப் பொருள்களை மரியாதையோடு எடுத்துத் துடைத்து ஒழுங்காக அடுக்கிவைத்த விருந்தினரின் கைவேலைபோல் அது தோன்றுகிறது. நேர்மையும் அழகும் உள்ளன. வீட்டாரின் உரிமை இல்லை. ஆகவே, மேதை இருந்தால் போதும் என்ற கூத்துரியே அடிகளின் துணிபை முழுமையாக ஏற்க நம்மால் இயலவில்லை. ஓவியரின் திறத்தோடு, அவர் கையாளும் பொருள் அவரது சொந்த வாழ்வில் எங்கேனும் அவரைத் தொட்டிருக்கவும் வேண்டும்.

இதற்குச் சான்று லெஜேயிடமே உள்ளது. 1951இல் பிரான்சின் கிழக்குப் பகுதியில், வாகனத் தொழிலாளர் வாழும் ஒதென்கூர் என்னும் ஊரின் திரு இருதய ஆலயத்திற்கு அவர் பதினேழு கண்ணாடிச் சாளரங்களை வடிவமைத்தார். அவ்வூர்த் தொழிலாளரே தம் ஓய்வு நேரத்தில் கட்டியெழுப்ப உதவிய ஆலயம் அது. சாளரங்களின் பொருள், நம் ஆண்டவருடைய பாடுகளின் கருவிகள். ஆணி, சுத்தியல், குறடு, முள்முடி, ஏணி என அவை தடித்த வண்ணக் கண்ணாடியில் ஒளிர்கின்றன. சுத்தியலையும் குறட்டையும் வாழ்நாள் முழுதும் வரைந்தவர் அவர். அவற்றைக் கையில் ஏந்துவோரின் களைப்பை அறிந்தவர். மீட்பரின் கையைத் துளைத்த கருவியும் தொழிலாளி காலையில் எடுக்கும் கருவியும் அங்கு ஒன்றாயின. அன்னையின் முகத்தில் விருந்தினராக நின்ற லெஜே, ஆணியின்முன் வீட்டாராக நின்றார். பொதுவுடைமையர் ஒருவரின் கையில் சிலுவைப்பாதை இவ்வளவு மெய்யாகத் தோன்றியது எப்படி என்று வினவுவோர், நாசரேத்தூர்த் தச்சுப்பட்டறையை நினைத்துக்கொள்ளட்டும்.

பீடத்திலிருந்து இறக்கப்பட்ட சுரூபம்

அஸ்ஸியில் எழுந்த பெரும் புயலுக்கு மையமானது லெஜேயின் ஓவியமன்று. பொதுவுடைமையர் ஆலயத்தில் பங்கேற்றதைப் பழமைப்பற்றாளர் சிலர் சாடினர் என்பது உண்மையே. எனினும் அவர் படைப்பு முகப்பிலேயே நிலைத்தது. இறக்கப்பட்டதோ பீடத்தின்மேல் இருந்த பாடுபட்ட சுரூபம்.

அதை வெண்கலத்தில் வார்த்தவர் ஜெர்மேன் ரிஷியே என்னும் பெண் சிற்பி. எசாயா இறைவாக்கினர் நூலின் 53ஆம் அதிகாரம் காட்டும் துன்புறும் ஊழியரே அவர் மனத்தில் இருந்தார். அச்சுரூபத்தில் உடலும் சிலுவையும் பிரித்தறிய முடியாதவாறு ஒன்றாகியுள்ளன. விரிந்த கைகளே குறுக்குமரமாகின்றன. தோல் வெட்டுண்ட மரப்பட்டைபோல் இருக்கிறது. முகத்தில் கண்ணோ மூக்கோ தெளிவாக இல்லை. கரடுமுரடான அவ்வுருவின்முன் நிற்பவர், அழகான ஒன்றைப் பார்த்துவிட்டு அகலும் வாய்ப்பைப் பெறுவதில்லை. நின்றாக வேண்டும், அல்லது ஓடியாக வேண்டும்.

ஓடியவர் பலர். 1951இன் தொடக்கத்தில் அன்ழே நகரில் அதற்கெதிரான துண்டறிக்கை பரவியது. இறைமாட்சிக்கு அவமதிப்பு என்ற கூச்சல் எழுந்தது. அதே ஆண்டில் மறைமாவட்ட ஆயரின் ஆணைப்படி சுரூபம் பீடத்திலிருந்து அகற்றப்பட்டது. 1952 ஜூன் 30ஆம் நாள் புனித அலுவலகம் திருக்கலை பற்றி ஆயர்களுக்குக் கண்டிப்பான அறிவுரை அனுப்பியது. தூரத்தில் இருந்து நிழற்படம் மட்டும் கண்டவர்கள் அச்சுரூபத்தை வெறுத்தனர். அதன் முன்பாக நாள்தோறும் திருப்பலி கண்ட நோயாளிகள் பலரோ அதில் தங்கள் வேதனையைக் கண்டு அதை நேசித்தனர். நுரையீரல் அரிக்கப்பட்டு விலா எலும்பு புடைத்த அவர்களுக்கு, அந்தத் தேய்ந்த உடல் விளக்கம் தேவைப்படாத ஒன்றாயிருந்தது. அவர்களிடமிருந்து அதை எடுத்துச் சென்றது, நம் எண்ணத்தில், கலைக்கு இழைத்த தவறு என்பதைவிட மேய்ப்புப்பணியில் நேர்ந்த தவறு.

கட்சி மலேவிச்சுக்குச் செய்ததையும் திருச்சபை ரிஷியேவுக்குச் செய்ததையும் ஒரே தராசில் வைத்தல் தகாது. அங்குச் சிறையும் மரணமும் இருந்தன. எத்தனையோ கலைஞரும் எழுத்தாளரும் முகாம்களில் மடிந்தனர். இங்கு ஒரு சுரூபம் இடம் மாறியது. எவரும் சிறை செல்லவில்லை. ஆண்டுகள் பல கழிந்தபின் அது அதே தலைமைப் பீடத்திற்குத் திரும்பவும் வந்தது, இன்றும் அங்குள்ளது. கட்சியின் இல்லத்தில் இத்தகைய திரும்புதல் எளிதில் நிகழவில்லை. ஆனால் தண்டனையின் அளவு வேறு என்பதால் அச்சத்தின் வேர் வேறாகிவிடாது. மக்களைத் தேற்றும் படம் வேண்டும், அவர்களைக் கலக்கும் படம் வேண்டாம் என்றே இரு இடத்தாரும் கூறினர். மக்கள் என்ற பெயரால் பேசியவர்கள் மக்களைக் கேட்கவில்லை. ரெனோ தொழிலாளரும் அஸ்ஸி நோயாளிகளும் அவர்கள் நினைத்ததைவிடக் கூரிய கண் உடையவர்களாயிருந்தனர்.

இவ்விடத்தில் நம் இறையியல் மரபு ஒரு தெளிவைத் தருகிறது. திருவுருவங்களை உடைக்கவேண்டும் என்ற கிளர்ச்சி எழுந்தபோது, 787ஆம் ஆண்டின் இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் அவற்றைக் காத்தது. வார்த்தையானவர் மெய்யான உடல் எடுத்தமையால் அவரை உருவில் வடிக்கலாம் என்பது அன்று நம் முன்னோர் கண்ட நியாயம். அப்படியாயின், அவ்வுடல் காயப்பட்டதையும் வடிக்கலாம்; சிதைந்ததையும் வடிக்கலாம். இளஞ்சிவப்புக் கன்னமும் வாடாத கூந்தலும் கொண்ட மீட்பரை மட்டுமே ஏற்போம் என்றால், அவர் எடுத்த உடலில் பாதியை நாம் மறுத்தவர்களாவோம். கூட்டுப்பண்ணையின் சிரிக்கும் பெண்ணும், அச்சில் வார்த்து வண்ணம் பூசிய சிரிக்கும் புனிதரும் உடன்பிறப்புகள். இருவரும் வலியை அறியாதவர்கள். ஆதலால் வலியுள்ளவருக்குத் துணையாக மாட்டார்கள்.

கோவாவிலிருந்தும் கிராக்கோவிலிருந்தும்

இவ்வரலாறு ஐரோப்பாவோடு முடியவில்லை. கோவாவில் கத்தோலிக்கக் குடும்பத்தில் 1924இல் பிறந்த பிரான்சிஸ் நியூட்டன் சூசா, 1947இல் பம்பாயில் முற்போக்குக் கலைஞர் குழுவைத் தோழர்களுடன் தொடங்கினார். பொதுவுடைமைக் கட்சியிலும் சிறிது காலம் இருந்தார். எப்படி வரையவேண்டும் என்று கட்சி சொல்லத் தொடங்கியதும் விலகினார். 1949இல் இலண்டன் சென்றபின் அவர் தீட்டிய 'சிலுவைப்பாடு' (1959) முட்போன்ற கருங்கோடுகளால் ஆனது. அதில் ஆறுதல் தேடுவோர் திகைப்பர். திருச்சபையோடும் அவருக்குப் பிணக்குகள் இருந்தன. ஆயினும் சிறுவயதில் கோவாவின் ஆலயங்களில் கண்ட பாடுபட்ட உருவம் அவர் தூரிகையை விட்டு நீங்கவேயில்லை. கட்சியை உதறுவது அவருக்கு எளிதாயிருந்தது. சிலுவையை உதற இயலவில்லை.

போலந்து நாட்டின் சான்று இன்னும் தெளிவானது. 1949இல் கிராக்கோ அருகே நோவா ஹூத்தா என்னும் உருக்காலை நகரம், ஆலயமே இல்லாத முன்மாதிரிச் சோசலிச நகரமாகத் தொடங்கப்பட்டது. 1960 ஏப்ரலில், மக்கள் நட்ட சிலுவையை அகற்ற அரசு முயன்றபோது தெருக்களில் மோதல் மூண்டது. இறுதியில் மக்கள் தம் கைகளாலேயே ஆலயம் எழுப்பினர். 1977 மே 15ஆம் நாள், அப்போது கிராக்கோ பேராயராயிருந்த கர்தினால் கரோல் வொய்த்திவா அதை நேர்ந்தளித்தார். பேழை வடிவான அவ்வாலயம் பழைய பாணியில் அமையவில்லை. அதனுள் இருக்கும் பெரும் பாடுபட்ட சுரூபம், சிலுவையைவிட்டு முன்னோக்கி எழுவதுபோல் புரோனிஸ்வாப் ஹ்ரோமி வார்த்த நவீனச் சிற்பம். தொழிலாளரின் அரசு என்று தன்னை அழைத்துக்கொண்ட அரசு தொழிலாளரின் ஆலயத்தைத் தடுத்தது; முன்பு கட்சி விரட்டிய நவீன கலை அவ்வாலயத்தில் தஞ்சம் பெற்றது. வரலாறு இப்படியும் திரும்பும்.

நமக்கு எஞ்சும் கடமை

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கை விளக்கம், எந்த ஒரு கலைப்பாணியையும் திருச்சபை தனக்கே உரியதாகக் கொண்டதில்லை என்று அறிவித்தது. எல்லா இனத்தாரின், நாட்டாரின் இக்காலக் கலைக்கும் ஆலயத்தில் இடமுண்டு, அது உரிய வணக்கத்தோடு வழிபாட்டுக்குப் பணி புரியுமாயின் என்றது. 1964 மே 7ஆம் நாள் சிஸ்டின் சிற்றாலயத்தில் திருத்தந்தை ஆறாம் பவுல் கலைஞர்களைச் சந்தித்தார். திருச்சபை அவர்கள்மேல் ஈயச் சுமையை ஏற்றியதற்காக அவர்களிடம் மன்னிப்புக் கோரினார். கட்சிகளின் வரலாற்றில் இத்தகைய சொல்லை நாம் தேடித்தான் பார்க்க வேண்டும். அதே வேளையில், மன்னிப்புக் கேட்ட திருச்சபையின் மக்களாகிய நாம் அச்சொல்லுக்கேற்ப நடந்தோமா என்பதையும் கேட்க வேண்டும்.

நம் ஆலயங்களுக்குச் சுரூபம் வேண்டும்போது நாம் செய்வது என்ன? விலைப்பட்டியலைப் பார்த்து, அளவு சொல்லி, ஏற்கெனவே ஆயிரம் ஆலயங்களில் நிற்கும் அதே உருவை வாங்கிவருகிறோம். முகம் அழகாயிருக்கிறதா என்று பார்க்கிறோம். அது நம்மோடு பேசுகிறதா என்று கேட்பதில்லை. நம் ஊரிலேயே மரமும் கல்லும் உலோகமும் அறிந்த கைகள் உண்டு. அவர்களுள் வேற்றுச் சமயத்தாரும் உண்டு, கடவுளை ஏற்காதவரும் உண்டு. அவர்களை அழைத்து, நோயுற்றோரும் வேலையிழந்தோரும் பிள்ளையைப் பறிகொடுத்தோரும் மண்டியிடும் இடம் இது, அவர்களுக்காக ஒன்று செய்யுங்கள் என்று கேட்க நமக்குத் துணிவு உண்டா? அவர்கள் செய்து தந்தது முதல் நாளில் நமக்குப் பிடிக்காமல் போனால், உடனே இறக்கிவிடாமல் ஓராண்டு அதன்முன் செபித்துப் பார்க்கும் பொறுமை உண்டா?

கலைஞர் எந்தக் கட்சியினர் என்று கேட்பதற்குமுன் அவர் எதைக் கண்டார் என்று கேட்போம். அது உண்மையாயின், அவர் அறியாமலே உண்மையின் ஆண்டவருக்குப் பணி செய்தவராவார். அடுத்த முறை பங்குப்பேரவையில் புதிய சுரூபம் பற்றிய பேச்சு எழும்போது, வாசகர்கள் அஸ்ஸியின் நோயாளிகளை நினைவுகூர வேண்டுகிறோம். முதலில் யாருடைய கருத்தைக் கேட்கவேண்டும் என்பதை அவர்கள் நமக்குச் சொல்வார்கள்.